மழைநீர் உட்பட

எங்கள் மலையில் மின்சாரக் காற்றாடிகள் சுற்றத் தொடங்கியதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டோடு எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கழுத்து தானாக மலைப்பக்கம் திரும்புகிறது. நான்கும் சுற்றுகின்றனவா, எது நிற்கிறது, இறக்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். எனக்கும் அவற்றுக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் கிடையாது. என் நிலத்தில் ஒன்றும் நிற்கவில்லை, எனக்கு வாடகையும் வரவில்லை. ஆனால் அந்த நான்கும் ஊருக்குள் வருவதற்கு முன்னால் ஊர் போட்ட இருபத்தொரு நிபந்தனைகளை எழுதியவள் நான்தான். அதில் முதலாவது இன்றைக்கும் எனக்கு ஒரு சொல் மாறாமல் மனப்பாடம்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கிறது. பல தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரை ஒரே இடத்தில் சேர்த்துச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. உள்ளே வரும் தண்ணீரையும் வெளியே போகும் தண்ணீரையும் புட்டியில் பிடித்து, சோதித்து, பதிவேட்டில் எழுத வேண்டும். பதினெட்டு வருடம் இதையே செய்து செய்து, எந்தத் தண்ணீரையும் நம்ப முடியாதவளாகிவிட்டேன். கைப்பையில் பேனா அளவுக்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் எப்போதும் கிடக்கும். தண்ணீரில் நுனியை வைத்தால் உப்பு எவ்வளவு என்று காட்டிவிடும். கல்யாண வீட்டில் இலைக்குப் பக்கத்தில் தம்ளர் வைத்தால் முதலில் அதைத்தான் உள்ளே விடுவேன். அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள். ஊரில் எனக்குத் ‘தண்ணி டாக்டர்’ என்று பெயர். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு அவர்களே கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு என் வீட்டைத் தேடி வந்தார்கள். எனக்கு உள்ளூர அதில் ஏகப்பட்ட பெருமை.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். கையெல்லாம் புண்ணாகி, ஒருநாள் ஷிஃப்டுக்கு நடுவிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். “செத்தாலும் இனிமே அந்தத் தண்ணியில கைய வெக்க மாட்டேன்” என்றார். அதன்பிறகு ஏரிக்குக் கீழே இருக்கும் இரண்டு ஏக்கர்தான் அவருக்கு எல்லாம். ஒரு போகம் நெல், ஒரு போகம் வேர்க்கடலை, ஒரு கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். எங்கள் வட்டாரத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய கிணறுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏரியில் தண்ணீர் நின்று ஊறினால்தான் கிணறு அப்படி இருக்கும். ஏரி காய்ந்தால், ஆற்றுப் பக்கத்திலிருந்து உப்பு மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து வந்து சேர்ந்துவிடும். இது ஊரில் எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஏரிக்கு முன்பு இரண்டு வழியில் தண்ணீர் வந்தது. ஒன்று பாலாற்றிலிருந்து வரும் கால்வாய், இன்னொன்று மலையிலிருந்து இறங்கும் ஓடை. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மழைக்காலத்தில் ஆற்றுக் கால்வாயில் நுரையும் நாற்றமுமாகத் தண்ணீர் வந்தது. ஊரே மண்வெட்டியோடு போய் அதை அடைத்தது. நானும் கூடையில் மண் சுமந்தேன். அன்றிலிருந்து ஏரிக்கு மலையோடை ஒன்றுதான் கதி. அதிலும் மழை பெய்தால்தான் தண்ணீர். மற்ற நாளில் சீமைக்கருவேலம் மண்டிய பள்ளம், அவ்வளவுதான்.

இந்த ஊருக்குத்தான் காற்றாலை வந்தது. எங்கள் பக்கம் காற்றாலை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. ஆடி மாதத்தில் அங்கே நின்றால் முந்தானையைப் பிடித்துக்கொள்ளக் கை போதாது. வெளிநாட்டுக்கு ஷூ அனுப்பும் ஒரு தோல் கம்பெனி அந்த இடத்தைக் கண்டுபிடித்தது. ஷூ வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் தோலைப் பற்றி மட்டுமல்லாமல், உங்கள் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கிறார்களாம். அதற்காகச் சொந்தமாக நான்கு காற்றாடிகள் வைக்கப் போகிறோம் என்றார்கள்.

விஷயத்தைச் சொல்ல வந்தவர் ஒரு சைட் இன்ஜினியர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஊரைக் கூட்டி, சுவரில் படம் காட்டினார். எவ்வளவு உயரம், இறக்கை எவ்வளவு நீளம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, “ஏதாவது கேக்கணும்னா கேளுங்க” என்றார். சத்தம் வருமா, இடி விழுமா, மயில் அடிபடுமா என்றுதான் கேட்பார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் கேட்ட முதல் கேள்வி இது.

“கழிவுத் தண்ணிய எங்க வுடுவீங்க?”

அவர் சிரித்துவிட்டார். “காத்தாடிக்குத் தண்ணியே வேண்டாம் சார். காத்து அடிச்சா சுத்தும், அவ்ளோதான்.”

அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீரே வெளியே வராது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேரை நாங்கள் பார்த்திருக்கிறோம். தோல் கம்பெனி நடத்துகிறவர்கள் காற்றாடி மட்டும்தான் வைப்பார்கள் என்று யார் நம்புவது? இன்றைக்கு ரோடு போடுவார்கள், நாளைக்குக் கொட்டகை போடுவார்கள், அதற்கடுத்த நாள் தொட்டி கட்டுவார்கள். கூட்டத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து, “ஊர் கண்டிஷனை எழுதிக் குடுக்கிறோம். அதுக்கு ஒத்துக்கிட்டா மட்டும் மேல பேசலாம்” என்றேன்.

பத்து நாள் உட்கார்ந்து எழுதினேன். இருபத்தொன்றில் பதினேழு தண்ணீரைப் பற்றியவை. மற்ற நான்கில் ரோடு, தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, உள்ளூர் ஆட்களுக்குக் காவலாளி வேலை எல்லாம் அடங்கிவிட்டன. முதல் நிபந்தனையை மட்டும் ஏழெட்டுத் தடவை திருத்தினேன். ‘கழிவுநீர்’ என்று போட்டால் சுத்திகரித்த நீர் என்று சொல்லித் தப்பிப்பார்கள். ‘சுத்திகரித்த நீர்’ என்று சேர்த்தால் மழைத் தண்ணீர் என்பார்கள். அந்த மழைத் தண்ணீரின் கதை எனக்கு அத்துப்படி. வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் நாட்களில் எங்கள் நிலையத்துக்குள் வரும் தண்ணீரின் அளவு கூடத்தான் வேண்டும். சில நாட்களில் குறையும். ஏன் குறைகிறது என்று பதிவேட்டில் எழுத இடமில்லை. யாரோ ஒருவர் கழிவுநீரை மழையோடு மழையாக வெளியே திறந்து விட்டிருக்கிறார் என்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இப்படி எழுதினேன்: ‘கம்பெனி இடத்திலிருந்தோ, கம்பெனி போடும் பாதை வழியாகவோ, பாதைக்கு அடியிலோ, சுத்திகரித்த நீர், மழைநீர் உட்பட எந்த நீரும் ஏரிப் பக்கம் விடப்படக் கூடாது.’

எழுதி முடித்ததும் எனக்கே கை தட்ட வேண்டும்போல இருந்தது. ஓட்டையே இல்லை என்று நினைத்தேன்.

இரண்டாவது கூட்டத்துக்கு இன்ஜினியர் பெரிய வரைபடத்தோடு வந்தார். மலைச்சரிவில் குறுக்காகப் பாதை வரைந்திருந்தது. இறக்கை ஏற்றிய லாரி போகும் அளவுக்கு அகலம், ஏற்றம் தெரியாமலிருக்க மண்ணைக் கொட்டி உயர்த்திய பாதை. அதில் ஓரிடத்தில் பக்கத்துப் பக்கமாக மூன்று வட்டங்கள். சிவப்புப் பேனாவால் அவற்றைச் சுற்றினேன்.

“இது இன்னா சார்?”

“பைப் மேடம். மழைத்தண்ணி போறதுக்கு.”

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. நான்தான் உரக்கச் சிரித்தேன். “மழைத்தண்ணியா? எங்ககிட்டயேவா?”

அவர் முகம் சிவந்துவிட்டது. ஏதோ விளக்கப் பார்த்தார். நான் விடவில்லை. ரோட்டுக்கு அடியில் பைப் வைத்தால் அது எந்தப் பக்கம் இறங்குகிறது, ஏரிக்குத்தானே, இதைத்தானே முதல் நிபந்தனையில் வேண்டாம் என்கிறோம் என்று நிற்க வைத்துக் கேட்டேன். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் புடவைத் தலைப்பை இழுத்து, “பாப்பா, மலைத் தண்ணி அப்புறம் ரோட்ட எப்டி தாண்டும்?” என்றார். “சும்மா இரு அண்ணா, அப்புறம் பேசலாம்” என்று அவர் கையைத் தட்டிவிட்டேன். அப்புறம் பேசவேயில்லை. அந்தப் பாதை, மலையடிவாரத்தில் அண்ணன் பயிரிடாமல் விட்டிருந்த மானாவாரிக் கொல்லையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போனது. அவர் கையெழுத்து இல்லாமல் போட முடியாது. “நீ படிச்சிட்ட இல்ல? போதும்” என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

மூன்று வட்டங்களையும் இன்ஜினியர் என் கண்ணெதிரே அடித்துவிட்டு, ஓரத்தில் அன்றைய தேதியும் போட்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

வந்த நன்மைகளைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் இல்லை. இறக்கைகள் வந்த நாளில் ஊரே நெடுஞ்சாலைத் திருப்பத்தில் நின்றது. ஒரு லாரி திரும்ப ஒரு காலைப் பொழுது ஆயிற்று. பேருந்து நிழற்குடையின் ஒரு மூலையை இடித்துத்தான் திருப்பினார்கள். பிறகு பழையதைவிட நல்ல நிழற்குடையாகக் கட்டியும் கொடுத்தார்கள். ரோடு போட்டதும் ஷேர் ஆட்டோ ஊருக்குள்ளேயே வந்தது. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் இருட்டு பிரிவதற்கு முன்னால் எழுந்து மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் கழிப்பறை வந்தது, அதற்குத் தாழ்ப்பாளும் இருந்தது.

மலைச்சரிவில் ஒன்றுக்கும் உதவாத கொல்லை வைத்திருந்த பாய் ஒருவர், எங்கள் பக்கத்துத் தெருக்காரர், ஆம்பூரில் தோல் வெட்டும் மேஜையில் ஆயுசு பூராவும் நின்றவர். அவர் கொல்லையில் ஒரு காற்றாடி நின்றது. வாடகைப் பணத்தில் மகளை வேலூரில் நர்சிங் சேர்த்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “நீங்க எழுதின கண்டிஷன்தாம்மா எல்லாத்துக்கும் காரணம். முந்தி அந்த நிலத்தால பேஜார்தான். இப்ப பாருங்க, நிம்மதியா இருக்கேன்” என்பார்.

தொந்தரவும் இருந்தது. காற்று ஜாஸ்தியாக அடிக்கும் நாட்களில் வயல்வரைக்கும் சத்தம் கேட்டது. நின்று நின்று வரும் கனத்த சத்தம். அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது. “தோலுப் போட்டுச் சுத்துற டிரம் ஓடுற மாதிரியே இருக்குது பாப்பா. வரப்புல நிக்கிறேன், ஷிஃப்டுல நிக்கிற மாதிரி இருக்குது” என்றார். மாலை வெயிலில் இறக்கையின் நிழல் நாற்றங்காலின் குறுக்கே ஓடும். மாடுகள் முதல் வாரம் மிரண்டன, பிறகு பழகிக்கொண்டன. அண்ணன் பழகவில்லை. ஆனாலும் குறை சொல்லவில்லை, ஏரிக்குக் கெட்ட தண்ணீர் வராது என்ற ஒன்று அவருக்குப் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஐப்பசியில் நல்ல மழை. பக்கத்து ஊர் ஏரி நிரம்பிக் கோடி போனது, தண்ணீர் வழியும் கலங்கலில் பிள்ளைகள் குதித்தார்கள். எங்கள் ஏரியில் நடுப்பள்ளத்தில் மட்டும் முழங்காலளவு தண்ணீர் நின்றது. இன்னும் ஒரு மழை வரட்டும் என்றார்கள். வந்தது. ஏரி அப்படியே இருந்தது. மண் கோடை முழுக்கக் காய்ந்து கிடந்தது, குடிக்கத்தான் செய்யும் என்று ஒருவர் சமாதானம் சொன்னார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆய்வகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மழை பெய்துகொண்டிருக்கும்போதே அண்ணனைக் கூட்டிக்கொண்டு மலைக்கு ஏறினேன்.

ஓடை பெருகித்தான் வந்துகொண்டிருந்தது. பழுப்பு நிறத்தில், சருகும் குச்சியும் உருட்டிக்கொண்டு, எங்கள் தலைக்கு மேலிருந்து இறங்கி வந்தது. வந்து ரோட்டில் முட்டியது. ரோட்டின் மேல் பக்கம் ஒரு குளமே நின்றிருந்தது. கம்பெனி போட்ட அந்த நல்ல, கெட்டியான, ஓட்டை இல்லாத ரோடு ஓர் அணையாக நின்றது. குளம் நிறைந்து, ரோட்டின் ஓரமாகவே வழிந்து ஓடி, குன்றின் மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் ஊர் கிடையாது, ஏரி கிடையாது. வெறும் பாறைக்காடு. ரோட்டின் கீழ்ப்பக்கம் எங்கள் ஓடை பொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது.

கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்து அந்தக் குளத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை, பழக்கம். அவ்வளவு சுத்தமான தண்ணீரை நான் அளந்ததே இல்லை.

“எவ்ளோ?” என்றார் அண்ணன்.

“கம்மிதான்” என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மழையில் நின்றபடியே இன்ஜினியருக்குப் போன் போட்டுக் கத்தினேன். ஓடையை மறித்து ரோடு போட்டீர்களே, படித்தவர்தானே, கண் தெரியவில்லையா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“மேடம், ஃபர்ஸ்ட் டிராயிங்ல மூணு பைப் இருந்துச்சு. நான் சொன்னேன்லா, மழைத்தண்ணிக்குன்னு. நீங்கதான் அடிக்கச் சொன்னீங்க.”

போனைக் கைப்பைக்குள் போட்டேன். அண்ணனுக்கும் எல்லாம் கேட்டிருக்கும், ஸ்பீக்கரில் போட்டது நான்தானே. சேற்றில் வழுக்காமல் இறங்க எனக்குக் கை கொடுத்தார். என்னை இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இறங்கும் வழியெல்லாம் அவர், கடலைக்கு எந்தக் கொல்லையை உழலாம் என்று பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாளே கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். இன்ஜினியர் எனக்கு டீ வரவழைத்தார். அவர் ஊரிலும் அவருடைய அப்பாவின் நிலத்தில் ஒரு காற்றாடி நிற்கிறதாம். “எங்க ஊர்லயும் ஓடை உண்டு மேடம். அங்க யாரும் பைப்ப வேண்டாம்னு சொல்லல” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் சொன்னார். ரோட்டை வெட்டிப் பைப் வைக்கக் கம்பெனி தயார், செலவும் அவர்களுடையது. ஆனால் நிபந்தனைகள் குத்தகைப் பத்திரத்தோடு சேர்த்துப் பதிவானவை. முதல் நிபந்தனை இருக்கும்வரை ரோட்டுக்கு அடியில் ஒரு சொட்டு விட்டாலும் ஊர் கேஸ் போடலாம் என்று கம்பெனி வக்கீல் பயப்படுகிறாராம். கிராம சபை கூடி அந்த நிபந்தனையை எடுத்துவிட்டுத் தீர்மானம் போட்டால் ஒரே வாரத்தில் வேலை முடியும் என்றார். தாலுகா அலுவலகத்திலும் கேட்டுப் பார்த்தேன். அங்கேயும், ஊர்த் தீர்மானம் கொண்டு வாங்க என்றுதான் சொன்னார்கள்.

கிராம சபைக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் நான் ஓரிடத்தில் இருந்த நினைவே இல்லை. ஆய்வகத்தில் கண்ணாடிப் பிப்பெட்டைக் கீழே போட்டு உடைத்தேன். ஒரு சோதனையை இரண்டு முறை செய்து, இரண்டையும் எழுத மறந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கிணற்றுக்குப் போய் வாளியில் தண்ணீர் மொண்டு மீட்டரை வைத்தேன். ஒவ்வொரு வாரமும் எண் ஏறியது. முதல் இரண்டு வாரம் அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். மூன்றாவது வாரம் அவர் கேட்கவில்லை. அண்ணி வைத்த சாம்பாரில் பருப்பு வேகவில்லை. “அடுப்புல வெச்சி எவ்ளோ நேரம் ஆச்சி, இன்னும் கல்லு மாதிரியே இருக்குது” என்று அண்ணி அலுத்துக்கொண்டாள். தண்ணீர் கடினமானால் பருப்பு வேகாது. எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். இரண்டு பேரும் வேகாத பருப்பைச் சாப்பிட்டோம்.

ஏரிக்குள் வரக் கூடாது என்று நான் தடுத்த கெட்ட தண்ணீர், நல்ல தண்ணீர் வராததால் மண்ணுக்கு அடியில் நடந்து எங்கள் கிணற்றுக்குள்ளேயே வந்துவிட்டது. இதைவிடக் கேவலமாக எனக்கு வேறு யாரும் செய்திருக்க முடியாது. செய்தது நானேதான்.

குடியரசு தினத்துக் கிராம சபையில் நான் பேச எழுந்தேன். பள்ளிக்கூட வளாகத்து வேப்பமரத்தடியில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மூன்று பைப்பை அடிக்கச் சொன்னது நான், அது தப்பு, ஏரி காய்ந்ததற்கு நான்தான் காரணம், முதல் நிபந்தனையை எடுத்துவிட வேண்டும் என்றேன். ஊர் என்னைத் திட்டும் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்கும் தயாராகத்தான் போனேன். ஊர் திட்டவில்லை, சந்தேகப்பட்டது.

“இன்னாமா, அப்ப ஒண்ணு எழுதுன, இப்ப ஒண்ணு சொல்ற? கம்பெனிக்காரன் எதுனா குடுத்துட்டானா?” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

“அவங்க எதுக்குச் சொந்த செலவுல பைப் வெக்கிறாங்க? யாரு சும்மா செய்வாங்க?” என்றாள் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்க்கும் ஒரு பெண். “ரோடு வேற போட்டாச்சி. டேங்கர் லாரி நேரா மேல போவும். மழ பேயற அன்னிக்கி ஒரு லோடு ஊத்திட்டா, அந்தப் பைப்பு வழியா ஏரிக்குத்தான் வரும். இப்பவாவது ரோடு தடுக்குது.”

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள். பாய் எழுந்து, “ஏரி காஞ்சி கிடக்குதே, அத யாரும் பேச மாட்டீங்களா?” என்றார். “உங்களுக்கென்னா பாய், மாசமானா வாடக வருது” என்று யாரோ வாயை அடைத்தார்கள். ஆற்றுக் கால்வாயை அடைத்தபோதும் கொஞ்ச நாள் கஷ்டப்பட்டோம், செத்தா போய்விட்டோம் என்று ஒரு பெரியவர் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்போது அண்ணன் எழுந்தார். அவர் கிராம சபையில் பேசி நான் பார்த்ததில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஏரிக்கு மொதல் கிணறு என்னுதுதான். மொதல்ல உப்பாவறதும் என்னுதுதான். எனக்குத் தண்ணி வேணும்” என்றார். அவர் என் பக்கம் திரும்பினார். “பாப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பைப்புல நம்ம காலத்துக்கும், நம்ம பசங்க காலத்துக்கும் மழத்தண்ணி மட்டும்தான் வரும்னு சொல்லு. இன்ஜினியர் சொல்ல வேணாம், தாசில்தார் சொல்ல வேணாம். நீ சொல்லு, போதும். நான் மொதல்ல கையத் தூக்கறேன். இவங்கள்லாம் எம் பின்னாடி தூக்குவாங்க.”

தூக்கியிருப்பார்கள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ‘ஆமாண்ணா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு வாரத்தில் ரோட்டை வெட்டியிருப்பார்கள். அடுத்த மழைக்கு ஏரி நிரம்பியிருக்கும். கிணறு பிழைத்திருக்கும். அண்ணனிடம் இரண்டு வாரம் பொய் சொன்ன வாய்தான், இன்னொன்று சொல்வதற்கு என்ன? வாயைத் திறந்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வருடமாகத் தினமும் என் கையால் பிடித்து, என் கையால் அளந்த தண்ணீரை வைத்துக்கொண்டு, எந்த மனிதனுக்கும், எந்தக் கம்பெனிக்கும், எந்த மழைக்கும் என்னால் ஜாமீன் நிற்க முடியவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் பஞ்சாயத்துத் தலைவர். பாய் ஒருவர்தான் தூக்கினார். தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் நான். என் இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன.

பத்து நாள் கழித்து அண்ணன் கிணற்று மோட்டாரை விற்க விலை பேசினார். வாங்க வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், ஏரி நிறைந்த ஊர். மோட்டாரை மேலே ஏற்ற ஆள் போதவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன்.